முதல் ரீலோடிங் பிரஸ்: மெதுவானதையே வாங்குங்கள்

இங்கே அமெரிக்காவில் ரேஞ்சுக்குப் போய்ச் சுடத் தொடங்கும் நம்மவர்கள், தோட்டா விலையைப் பார்த்ததும் என்னிடம் கேட்பது இதுதான்: "வீட்டிலேயே ரீலோட் செய்ய எந்த பிரஸ் வாங்கலாம்?" ரீலோட் என்றால், சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டில் புது பிரைமர் (அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி), பவுடர் (வெடிமருந்து), புல்லட் (பறந்து போகும் முனை) வைத்துத் தோட்டாவை மறுபடி தயாரிப்பது. பிரஸ் அதற்கான கைப்பிடி வைத்த அழுத்து கருவி. என் பதில் மாறுவதில்லை. முதலில் சிங்கிள் ஸ்டேஜ்.

சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய இங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதானால் வேண்டும். உங்கள் மாநிலச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்கவே கூடாது.

பிரஸ்களில் மூன்று வகை. சிங்கிள் ஸ்டேஜில் ஒரு சமயத்தில் ஒரு டை (கூட்டை அழுத்தி வடிவமைக்கும் அச்சு), ஒரு வேலை. டரட்டில் எல்லா டைகளும் ஒரு தட்டில் நிற்கும். ரெடிங் டி-7 என்றால் ஏழு இடங்கள். புரோகிரஸிவ் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டாவை முடித்துத் தள்ளும். வேகம் ஆசை காட்டும். ஆனால் டில்லன் 550 என்ற புரோகிரஸிவில் கூடுகள் நிற்கும் தட்டைக் கையால் திருப்ப வேண்டும். திருப்ப மறந்து மறுபடி இழுத்தால், ஒரே கூட்டில் பவுடர் இரண்டு முறை விழும். நாலு வேலை ஒரே நேரத்தில் நடக்கும்போது புதியவர் கண் எதைப் பார்க்கும்?

நான் பயன்படுத்துவது ஆர்சிபிஎஸ் கம்பெனியின் ராக் சக்கர் என்ற சிங்கிள் ஸ்டேஜ். வார்ப்பிரும்புச் சட்டம் சுற்றிலும் மூடியிருப்பதால் இழுக்கும்போது வளைந்து கொடுக்காது. கையைக் கடிக்கும் என்றால் லீ கம்பெனியின் சிங்கிள் ஸ்டேஜும் போதும். 7/8-14 மரையுள்ள (7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று) டைகள் இரண்டிலும் பொருந்தும். நாளை பிரஸ்ஸை மாற்றினாலும் டைக்குப் போட்ட காசு வீணாகாது. மேசை மட்டும் ஆடக் கூடாது. கனமான பலகையில் போல்ட் போட்டு, மேசையைச் சுவரோடு சேர்த்து முடுக்குங்கள்.

கற்றுக்கொள்ள .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா அருமையானது. கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) வளையமுள்ள டை வாங்கினால் கூட்டுக்கு எண்ணெய் தடவும் வேலையே இல்லை. ரைஃபிள் கூடுகளுக்கு அப்படியில்லை. தடவாவிட்டால் டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

முதல் நாள் பிரைமரும் பவுடரும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். வெறும் கூடு, புல்லட் இரண்டை மட்டும் வைத்து டம்மி (சுட முடியாத மாதிரித் தோட்டா) செய்து பழகுங்கள். கைப்பிடியை இழுத்தால் ராம் (கூட்டைத் தாங்கும் தண்டு) மேலே ஏறும். சைஸிங் டை கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்கி, சுட்ட பிரைமரை வெளியே தள்ளும். கார்பைடு வளையம் விரிசல் விடாமலிருக்க, டைக்கும், கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடுங்கள். அடுத்த டை கூட்டின் வாயைக் கொஞ்சம் விரிக்கும். புல்லட்டின் அடி உட்காரும் அளவு விரிந்தால் போதும். அதிகம் விரித்தால் பித்தளை சீக்கிரம் விரிசல் விடும்.

பிரைமர் பொருத்தக் கைக்கருவிதான் எனக்குப் பிடிக்கும், விரலுக்கு எல்லாம் தெரியும். தடையே இல்லாமல் வழுக்கி உள்ளே போனால் அந்தக் கூட்டின் குழி தளர்ந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். பொருத்தியபின் அடிப்பாகத்தை விரலால் தடவுங்கள். பிரைமர் ஒரு பொட்டு உள்ளே தள்ளி இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் ரிவால்வரில் தோட்டாக்களை வைக்கும் சிலிண்டர் உரசும், சுழலாமலும் நிற்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையில் உட்காராதீர்கள்.

இனி பவுடர். அளவை நான் சொல்ல மாட்டேன். பவுடர் கம்பெனியோ புல்லட் கம்பெனியோ வெளியிட்ட கையேட்டில், உங்கள் புல்லட்டின் எடைக்கு உள்ள தொடக்க அளவை எடுங்கள். உச்ச அளவிலிருந்து தொடங்காதீர்கள். எடை கிரெயினில்; ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். தராசைச் சோதனைக் கல் வைத்துச் சரிபாருங்கள். மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கலாம். போன் வேறு அறையில்.

.38 ஸ்பெஷல் கூடு ஆழமானது. புல்ஸ்ஐ போன்ற வேகமாக எரியும் பவுடர் அதில் பாதிகூட நிரம்பாது. தவறி இரண்டு முறை போட்டாலும் வழியாது. துப்பாக்கியை உடைப்பது இதுதான். அதனால் ஐம்பது குழிப் பலகையில் கூடுகளை முதலில் கவிழ்த்து வையுங்கள். ஒன்றை எடுத்துப் பவுடர் போட்ட பிறகுதான் நிமிர்த்தி வைக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் டார்ச் அடித்து வரிசை வரிசையாக உள்ளே பாருங்கள். ஒன்றில் மட்டம் ஏறியோ இறங்கியோ தெரிந்தால் கொட்டிவிட்டுத் திரும்ப அளங்கள். சிங்கிள் ஸ்டேஜ் வாங்கச் சொல்வதே இதற்காகத்தான்: ஐம்பதையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம்.

புல்லட் உட்கார வைப்பதையும் கிரிம்ப் செய்வதையும் (கூட்டின் வாயைப் புல்லட்டைச் சுற்றி இறுக்குவது) தனித்தனி இழுப்பாகச் செய்யுங்கள். முழு நீளம் 1.550 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. காலிப்பர் வைத்துப் பாருங்கள். ரிவால்வர் உதைக்கும்போது புல்லட் முன்னால் நகராமல் பிடிப்பது கிரிம்ப்தான். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சுட்ட பிரைமர் தூசியில் ஈயம் உண்டு. மேசையருகே டீயோ முறுக்கோ வேண்டாம்.

முதல் தடவை கொஞ்சமாகச் செய்து ரேஞ்சுக்குக் கொண்டுபோங்கள். சத்தம் ஈனமாக, 'பொத்' என்று கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். பவுடர் இல்லாத தோட்டாவில் பிரைமரே புல்லட்டைக் குழலுக்குள் தள்ளிவிடும். பின்னால் வரும் தோட்டா குழலைப் பிளக்கும். முனையைப் பாதுகாப்பான திசையில் பிடித்துச் சற்றுப் பொறுத்து, சிலிண்டரைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, குழலில் குச்சியை விட்டுப் பாருங்கள்.