பக்கவாட்டில் நீளும் அட்டவணையைப் பகுப்பாய்வுக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி?

எக்செலில் விற்பனை அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும்: இடப்பக்கம் பொருளின் பெயர், அதற்கு வலப்பக்கம் ஜனவரி முதல் டிசம்பர் வரை 12 நெடுவரிசைகள், கடைசியில் மொத்தம். கண்ணால் படிக்க இது வசதி. ஆனால் இதன்மேல் பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட்டால் 'மாதம்' என்றொரு புலமே கிடைக்காது; 12 தனித்தனிப் புலங்கள்தான் வந்து நிற்கும். காலாண்டு வாரியாகப் பிரிக்கவோ மாதத்தை வைத்து வடிகட்டவோ வழியில்லை.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: புதிய அட்டவணையில் ஒரு வரிசை எதைக் குறிக்கப் போகிறது? மேலே சொன்ன அறிக்கைக்கு, 'ஒரு பொருள், ஒரு மாதம், ஒரு தொகை' என்பதே பதில். 40 பொருள்கள் இருந்தால் 40 × 12 = 480 வரிசைகள் வர வேண்டும். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் சரிபார்க்க உதவும்.

பலரும் இங்கே காப்பி எடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் ட்ரான்ஸ்போஸ் போட்டுப் பார்ப்பார்கள். அது அட்டவணையைப் புரட்டிப் போடும், அவ்வளவுதான். மாதங்கள் கீழே இறங்கும், பொருள்கள் மேலே ஏறும். பக்கவாட்டில் நீளும் சிக்கல் அப்படியே இருக்கும். நமக்கு வேண்டியது அன்பிவட், அதாவது பல நெடுவரிசைகளாக நிற்பதை மடக்கி வரிசைகளாக்குவது. எக்செல் 2016 முதல் இதற்கான பவர் குவரி (தரவைச் சீரமைக்கும் கருவி) உள்ளேயே இருக்கிறது.

1. 'மொத்தம்' என்ற நெடுவரிசையையும் அடியிலுள்ள மொத்த வரிசையையும் நீக்குங்கள். இரண்டில் ஒன்றை விட்டுவைத்தாலும் கூட்டுத்தொகை இரட்டிப்பாகும். இரண்டையும் விட்டுவைத்தால் நான்கு மடங்காகும்.

2. தரவுக்குள் ஒரு செல்லில் நின்று கன்ட்ரோல் + டி அழுத்தி டேபிளாக்குங்கள். பிறகு டேட்டா தாவலில் 'ஃப்ரம் டேபிள்/ரேஞ்ச்'.

3. திறக்கும் பவர் குவரி சாளரத்தில், வலப்பக்கப் படிகளின் பட்டியலில் 'சேஞ்ச்டு டைப்' என்று தானாக ஒன்று சேர்ந்திருக்கும். அதை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு நெடுவரிசையின் பெயரையும் அது எழுதி வைத்துக்கொள்வதால், அடுத்த முறை ஒரு தலைப்பு மாறினாலும் புதுப்பிக்கும்போது பிழை காட்டி நின்றுவிடும்.

4. பொருள் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து 'அன்பிவட் அதர் காலம்ஸ்' கொடுங்கள். மாதங்களைத் தேர்ந்தெடுத்து 'அன்பிவட் ஒன்லி செலக்டட் காலம்ஸ்' கொடுத்தாலும் இன்றைக்கு அதே விடைதான். ஆனால் நாளை புதிதாக ஒரு மாதம் சேர்ந்தால் அது மடங்காமல் பக்கத்தில் தனி நெடுவரிசையாக நிற்கும்.

5. 'ஆட்ரிபியூட்', 'வேல்யூ' என்று வரும் பெயர்களை 'மாதம்', 'தொகை' என மாற்றி, தரவு வகையையும் இப்போது கொடுங்கள்.

480க்குக் குறைவாக வரிசைகள் வந்தால், காலிச் செல்களே காரணமாக இருக்கும். அன்பிவட் காலியானவற்றை ஓசையில்லாமல் விட்டுவிடும், பூஜ்யத்தை விடாது. காலி என்றால் 'விற்கவில்லை' என்று பொருளா, 'கணக்கு வரவில்லை' என்று பொருளா? 300, காலி, 600 என்ற மூன்று மாதங்களின் சராசரி முதல் அர்த்தத்தில் 300, இரண்டாவதில் 450. விற்கவில்லை என்பதுதான் சரியென்றால் நான்காம் படிக்கு முன்பே 'ரீப்ளேஸ் வேல்யூஸ்' மூலம் நல் (null, காலி) என்பதை 0 ஆக்குங்கள். இந்த முடிவைக் கருவி எடுக்காது, தரவை அறிந்தவர்தான் எடுக்க வேண்டும்.

மாதப் பெயர் வெறும் எழுத்தாக இருந்தால், பவர் குவரியில் வரிசைப்படுத்தும்போது ஆங்கில அகரவரிசைப்படி ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று அடுக்கும். அதனால் தேதியாக மாற்றுங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. 'ஜன-24' என்ற பாணியில் ஆங்கிலத்தில் எழுதினால், 24 என்பது ஆண்டா தேதியா என்ற குழப்பம் வரும். எக்செல் செல்லில் தட்டினால் நடப்பு ஆண்டின் ஜனவரி 24 என்றே எடுத்துக்கொள்ளும். முன்னால் '1-' சேர்த்துவிட்டு வகையை மாற்றுவது பாதுகாப்பு.

மேலே ஆண்டு, அதன்கீழ் மாதம் என இரண்டு தலைப்பு வரிசைகள் இருந்தால் வழி கொஞ்சம் சுற்று. டேபிளாக்கும்போது தலைப்பு உண்டு என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இணைத்த செல்கள் பிரிந்து, ஆண்டு முதல் செல்லில் மட்டும் நிற்கும். பவர் குவரியில் ட்ரான்ஸ்போஸ் செய்து, ஆண்டு நெடுவரிசையில் 'ஃபில் டவுன்' (காலிச் செல்களை மேலுள்ள மதிப்பால் நிரப்புவது) கொடுத்து, ஆண்டையும் மாதத்தையும் '|' குறியால் இணையுங்கள். மறுபடி ட்ரான்ஸ்போஸ், முதல் வரிசையைத் தலைப்பாக்குதல் (தானாகச் சேரும் 'சேஞ்ச்டு டைப்' படியை இங்கேயும் அழியுங்கள்), அன்பிவட், கடைசியில் அதே குறியை வைத்துப் பிரித்தல். ட்ரான்ஸ்போஸ் இங்கேதான் உண்மையில் பயன்படுகிறது. வரிசைகள் பல ஆயிரமானால் மட்டும் இந்த வழி மந்தமாகும்.

எதிர்த்திசையில், நீள அட்டவணையை மீண்டும் அகலமாக்க 'பிவட் காலம்' உண்டு. 'டோன்ட் அக்ரிகேட்' (தொகுக்க வேண்டாம்) தேர்ந்தெடுத்திருக்கும்போது செல்களில் எர்ரர் தெரிந்தால், ஒரே பொருளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன என்று பொருள். உடனே 'சம்' (கூட்டல்) என்று மாற்றிப் பிழையை மறைக்காதீர்கள். உண்மையிலேயே இரண்டு விற்பனையா, இருமுறை பதிந்ததா என்று முதலில் பாருங்கள்.

ஷீட்டில் இறக்கியதும் 'தொகை' நெடுவரிசையின் கூட்டலைப் பழைய அறிக்கையின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். மொத்தம் சரியாக இருந்து வரிசை எண்ணிக்கை மட்டும் குறைந்தால் காலிச் செல். மொத்தமே மாறியிருந்தால், பழைய அறிக்கையில் எண்ணாகத் தெரியும் சில மதிப்புகள் எழுத்தாகவே கிடக்கின்றனவா என்று தேடுங்கள்.