தேர்தல் முடிவைக் கொப்பியில் எழுதிப் பார்க்கும் முறை

முடிவு வருகிற இரவில் புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டு விறாந்தையில் அயலட்டைப் பிள்ளைகளும் வந்து இருப்பார்கள். என் கையில் சீஆர் கொப்பி. இலங்கையின் 2019, 2024 ஜனாதிபதித் தேர்தல்கள் இரண்டின் முடிவும் அதில் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுப்பதையே இங்கேயும் சொல்கிறேன்.

வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே தபால் வாக்கு, கீழே மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சிக்கு வேறு பக்கம். பேச்சில் அதுவும் வன்னிதான், ஆனால் அந்த வாக்கு யாழ்ப்பாண மாவட்டத்தோடு சேரும். அங்கே இருக்கிற மச்சாள் ஒவ்வொரு முறையும் வன்னி முடிவில் தன் ஊரைத் தேடுவா.

தபால் வாக்கை வைத்து ஊரைக் கணிக்காதீர்கள். அது அரச உத்தியோகத்தரின் வாக்கு.

வீதத்தோடு எண்ணிக்கையையும் எழுதுங்கள். 2024இல் வன்னியில் வேட்பாளர்கள் சஜித் பிரேமதாச 95,422, ரணில் விக்கிரமசிங்க 52,573, அரியநேத்திரன் 36,377, அநுர குமார திசாநாயக்க 21,412. சஜித்துக்கு 2019இல் 82 வீதம் கொடுத்த மாவட்டம், இம்முறை கொடுத்தது 44 வீதம்.

இனித்தான் முக்கியமான கணக்கு. வெல்ல, செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் வேண்டும். 2024இல் முதலாவதாக வந்த அநுரவுக்கே 42.31 வீதம்தான். அதனால் நாட்டில் முதல் தடவையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பு எழுதலாம். நாடு முழுக்க முதல் இரண்டு இடத்துக்கு வந்த அநுரவும் சஜித்தும் நிற்க, மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் 2ஆம் விருப்பைப் பார்ப்பார்கள். அது அந்த இருவருக்கும் இல்லையென்றால் 3ஐப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட சீட்டுகள் நாடு முழுக்க 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தது 105,264, சஜித்துக்கு 167,867. கழித்துப் பாருங்கள்: 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் எவருக்கும் சேரவில்லை. வன்னிச் சீட்டுகள் மட்டும் ஏறக்குறைய ஒரு இலட்சம் இரண்டாம் முறை பார்க்கப்பட வேண்டியவை. அம்மாவுடையதும் அதில் ஒன்று. ஒரு புள்ளடி (X) மட்டும் போட்டுவிட்டு வந்திருந்தா. அது செல்லும்தான். ஆனால் இரண்டாம் முறை கேட்கிறபோது அந்தச் சீட்டுக்கு வாயில்லை. முதலே சொல்லிக்கொடுக்காமல் விட்டது நான். அன்றிரவு எனக்கு மனம் ஆறவேயில்லை.

ஆகவே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வாக்குச்சீட்டு ஒன்று கீறுங்கள். வீட்டில் முதியவர்களைக் கொண்டு 1, 2, 3 எழுதிப் பழக்குங்கள். 1 இல்லாமல் 2, 3 மட்டும் எழுதினால் நிராகரிப்பார்கள். இரண்டு பேருக்குப் புள்ளடி போட்டாலும் அப்படித்தான். அம்மாவுக்குப் பெரிய கட்டமாகக் கீறிக் கொடுத்திருக்கிறேன். 3ஐ எழுத முதல் நெடுநேரம் யோசிக்கிறா, நான் அவசரப்படுத்துவதில்லை.