அகல் விளக்குக் கரியில் ஓவியம்: ஜேம்ஸ் காஸில் காட்டிய வழி

"வரையணும்னு ஆசைதான், ஆனா சாமான் வாங்கவே ஆயிரக்கணக்குல ஆகுதே" என்று யாராவது சொன்னால், ஜேம்ஸ் காஸிலின் படங்களைப் பாருங்கள் என்பேன்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1899-இல் பிறந்தவர். பிறவியிலேயே காது கேளாது. 5 வருஷம் போலக் காது கேளாதோர் பள்ளியில் இருந்தும் எழுதப் படிக்க வரவில்லை. ஓவியம் யாரும் சொல்லித் தந்ததும் இல்லை. விறகடுப்பில் படிந்த கரியை எச்சிலில் குழைத்து, கூராகச் சீவிய குச்சியால், கையில் கிடைத்த காகிதத்தில் வரைந்தார். வீட்டிலேயே அப்பா அம்மா தபால் நிலையமும் கடையும் நடத்தியதால் பழைய உறைக்கும் அட்டைக்கும் பஞ்சமில்லை. பின்னாளில் வீட்டார் நல்ல வண்ணங்கள் வாங்கிக் கொடுத்தும், கரியை அவர் விடவில்லை. 1977-இல் காலமானார். 2008-இல் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சியே வைத்தது.

விறகடுப்புக்கு நாம் எங்கே போவது? கண்மை கூட்டும் வீட்டுப் பக்குவம் இருக்கிறதே, அது போதும்.

1. கரி எடுப்பது

அகல் விளக்கில் விளக்கெண்ணெய் ஊற்றித் தடிமனான திரி போட்டு ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, மேலே பழைய எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். சுடரின் நுனி தட்டில் முட்ட வேண்டும். முட்டினால்தான் எண்ணெய் முழுதாக எரியாமல் கரி படியும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், பக்கத்தை விட்டு நகராதீர்கள். அரை மணி நேரத்தில் ஒன்றிரண்டு சிட்டிகை தேறும். தட்டு நன்றாக ஆறியபிறகு பழைய விசிட்டிங் கார்டால் சுரண்டுங்கள். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது நல்லது, பஞ்சைவிட லேசாகப் பறக்கும்.

2. மை குழைப்பது

முதல் தடவை நான் கோட்டைவிட்டது இங்கேதான். கரியில் தண்ணீர் ஊற்றினேன். கரையவே இல்லை. தண்ணீர் மேல் கறுப்பு ஆடை மாதிரி மிதந்தது. விரலால் அமுக்கினால் விரலில் ஒட்டியதே தவிர தண்ணீரில் இறங்கவில்லை. எண்ணெய்க் கரிக்குத் தண்ணீர் ஆகாது. எச்சிலில் இருக்கும் வழவழப்பு கரியை நனைத்துவிடும், காஸிலுக்கு அது போதுமானதாக இருந்தது.

எச்சில் வேண்டாம் என்பவர்கள் நாட்டு மருந்துக் கடையில் வேலம்பிசின் வாங்கிக்கொள்ளுங்கள். கொட்டைப்பாக்கு அளவு எடுத்து 2 மேசைக்கரண்டி வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். கரியில் இதைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கரண்டியின் அடிப்பக்கத்தால் தட்டிலேயே 10 நிமிஷம் தேயுங்கள். அப்போதும் மிதந்தால் பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரே ஒரு துளி. வடிகஞ்சியிலும் குழைக்கலாம்தான், ஆனால் கரப்பான் வந்து படத்தைத் தின்றுவிடும்.

3. எழுதுகோலும் காகிதமும்

விளக்குமாற்று ஈர்க்குச்சியைச் சாய்வாகச் சீவினால் மெல்லிய கோடு. வேப்பங்குச்சியைப் பல் துலக்குவதுபோல மென்று நார் பிரித்தால் தூரிகை. பஞ்சைத் துணியில் பொதிந்து கட்டிய சின்ன உருண்டை, சாம்பல் பூச்சுக்கு. பளபள அட்டையில் மை நிற்காது. சோப்பு டப்பா, சட்டை வைத்து வரும் அட்டை இவற்றின் சொரசொரப்பான உள்பக்கம்தான் சரி. மடித்த கோடு, கிழிந்த விளிம்பு எல்லாம் இருக்கட்டும்.

4. வரைவது

பென்சிலைத் தொடாதீர்கள். உங்கள் வீட்டின் ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள்: சிலிண்டர் இருக்கும் இடம், மாடிப்படி அடி, எதுவானாலும். மையில் ஒரு பங்குக்கு 5 பங்கு தண்ணீர் விட்டு, உருண்டையால் முதலில் இருட்டான இடங்களைப் பூசுங்கள். கோடு அப்புறம்தான். பூச்சு ஈரமாக இருக்கும்போதே பல்குத்தும் குச்சியால் சுரண்டினால் வெளிச்சம் வரும்.

ஈர்க்குச்சியில் மை அதிகம் நிற்காது. கோடு கன்னங்கரேலென்று தொடங்கி, இரண்டு அங்குலத்தில் வெளிறி, திக்கித் திக்கி அறுந்துபோகும். அறுந்த இடத்தை நிரப்பப் போகாதீர்கள். கடையில் வாங்கும் பேனா தராத அழகு அதில் இருக்கிறது.

இனி கற்பனை. காஸில் தன் பண்ணையை வரையும்போது கொட்டகை, வேலி எல்லாம் கண்ணால் கண்டது கண்டபடியே வரைந்துவிட்டு, நடுவே கம்பம் போன்ற விசித்திர உருவங்களை நிறுத்தியிருப்பார். நீங்களும் அந்த மூலையில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வையுங்கள். சிலிண்டர் பக்கத்தில் கதவு உயரக் கொக்கு நிற்கட்டும். ஒரு நிபந்தனை: சிலிண்டருக்கு நிழல் எந்தப் பக்கமோ கொக்குக்கும் அந்தப் பக்கமே விழவேண்டும். நிழல் இல்லாவிட்டால் கொக்கு ஒட்டவைத்த ஸ்டிக்கர்போலத் தெரியும்.

5. நிறம் வேண்டுமென்றால்

காஸில் கிரேப் காகிதத்தை நனைத்து நிறம் எடுத்தார். பிறந்தநாள் அலங்காரத்தில் மிஞ்சிய துண்டை நாலைந்து சொட்டுத் தண்ணீரில் பிழிந்து பாருங்கள். கெட்டி காபி டிகாக்‌ஷனும் நல்ல பழுப்பு தரும். மஞ்சள்தூள் வெயிலில் வெளுத்துவிடும்.

காய ஒரு நாள் விடுங்கள். முடித்ததும் கையில் முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போடுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் விட்டால் கரி ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இரண்டு நாளைக்கு வராது.