பருவத்துக்கு முந்தைய ஹொக்கி வதந்திகள்: வாசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 செப்டம்பர் முற்பகுதியில், மினசோட்டா வைல்ட் அணி முன்வைத்த எட்டு ஆண்டுக்கான 128 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தை அந்த அணியின் நட்சத்திர வீரர் கிரில் கப்ரிசோவ் ஏற்கவில்லை என்ற செய்தி வெளியானது. அவர் அணியை விட்டுப் போகப்போகிறார் என்று பலர் உடனே முடிவுகட்டினார்கள். எந்த அணி அவரை எடுக்கும், பதிலுக்கு யார் யாரைக் கொடுக்கும் என்ற ஊகப் பட்டியல்களும் கிளம்பின. அந்த மாதம் 30ஆம் திகதி, அதே மினசோட்டாவுடன், எட்டு ஆண்டுக்கு 136 மில்லியன் டொலருக்கு அவர் கையெழுத்திட்டார். வட அமெரிக்காவின் முதன்மைப் பனி ஹொக்கி லீக்கான என்.எச்.எல். வரலாற்றில் அதுவரை எந்த வீரரும் அவ்வளவு பெரிய ஒப்பந்தத்தைப் பெற்றதில்லை.

ஒரு தொகையை மறுப்பதும் அணியை மறுப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுவதே, பருவம் தொடங்குமுன் வரும் செய்திகளை வாசிப்பவர்கள் செய்யும் முதல் தவறு. கப்ரிசோவின் பழைய ஒப்பந்தம் 2025–26 பருவம் முடியும்வரை, ஆண்டுக்கு 9 மில்லியன் டொலர் என்ற கணக்கில் நடைமுறையில் இருந்தது. பேசப்பட்டதோ 2026–27இல் தொடங்கும் நீட்டிப்பு. இறுதி ஆண்டுக்குள் வந்துவிட்ட வீரர் ஒருவரின் நீட்டிப்பை அவருடைய அணி ஜூலை 1 முதலே பேசலாம் என்பதால், செப்டம்பரில் மறுக்கப்பட்ட தொகை பேரத்தின் நடுவில் ஒரு கட்டம் மட்டுமே. அடுத்த கோடை வரை இரு தரப்புக்கும் நேரம் இருந்தது. ஆகவே ஒப்பந்தச் செய்தி எதைப் படித்தாலும், இருக்கும் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, பேசப்படும் ஒப்பந்தம் எப்போது தொடங்குகிறது என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். அந்த இரு திகதிகளுமே பாதிப் பதற்றத்தைத் தணித்துவிடும்.

அதே கோடையில் கொனர் மெக்டேவிட்டைப் பற்றியும் இதே வகையான பேச்சு ஓடியது. அவர் எட்மன்டனை விட்டு ரொறன்ரோவுக்கு வருவார் என்ற நம்பிக்கை இங்குள்ள ரசிகர்களிடம், ஸ்காபரோவில் வாழும் நம்மவர்கள் உட்பட, வலுவாக இருந்தது. ஒக்டோபர் 6ஆம் திகதி, பருவம் தொடங்குவதற்கு முந்தைய நாள், எட்மன்டனுடனேயே மேலும் இரண்டு ஆண்டுக்கு, ஆண்டுக்கு 12.5 மில்லியன் டொலருக்கு அவர் கையெழுத்திட்டார். உலகின் தலைசிறந்த வீரர் தமது பழைய சம்பளத்திலேயே நீடிப்பார் என்பதை எதிர்பார்த்தவர்கள் மிகச் சிலரே. வீரர் ஒருவர் மௌனமாக இருப்பதை அவர் போகப்போவதற்கான அடையாளமாகக் கொள்வது எவ்வளவு பலவீனமான முடிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாவது தவறு, ஒரு தொகை யார் வாயிலிருந்து வந்தது என்று பாராமல் அதை உண்மையாக எடுத்துக்கொள்வது. 2024 செப்டம்பரில் பொஸ்டன் புரூயின்ஸ் அணியின் கோல் காப்பாளர் ஜெரமி ஸ்வேமன் ஒப்பந்தம் இல்லாமல் பயிற்சி முகாமுக்கு வெளியே இருந்தார். அணியின் தலைவர் கேம் நீலி ஊடகவியலாளர்கள் முன்னிலையில், ஸ்வேமன் களத்துக்கு வருவதற்கு 64 மில்லியன் காரணங்கள் உள்ளன என்ற பொருளில் பேசினார். அந்த ஊடகச் சந்திப்புக்கு முன் அப்படியொரு தொகை தங்களுக்கு முன்வைக்கப்படவே இல்லை என்று வீரரின் முகவர் எழுத்து மூலம் மறுத்தார். ஒக்டோபர் 6ஆம் திகதி எட்டு ஆண்டு, 66 மில்லியன் என்று விடயம் முடிந்தது. இங்கே ஒரு தரப்பு சொன்னதும் மறு தரப்பு மறுத்ததும் பேரத்தின் பகுதிகளே. அணி வெளியிடும் தொகை, வீரர் பேராசைக்காரர் என்ற எண்ணத்தை ரசிகர்களிடம் உருவாக்கக்கூடும். முகவர் தரப்பிலிருந்து கசியும் தொகை, பிற அணிகளையும் எதிர்காலப் பேச்சுகளையும் மனத்தில் வைத்துச் சொல்லப்படலாம். நேர்மையான, அனுபவமுள்ள செய்தியாளரும் தமக்குச் சொல்லப்பட்டதையே சொல்கிறார். ஆகவே அவரது நேர்மையை நம்பும்போதும், அவரிடம் பேசியவரின் தேவை என்ன என்ற கேள்வியை நாம் விட்டுவிடக் கூடாது.

இதனோடு ஒட்டியதே, என் பார்வையில் வீரர்களுக்கு மிகப் பெரிய அநியாயம் செய்யும் மூன்றாவது தவறு. ஒப்பந்தம் முடிந்த இளம் வீரர் முகாமுக்கு வராவிட்டால், அவர் கடமையை மீறுகிறார் என்று எழுதுகிறார்கள். ஸ்வேமனுக்கு அப்போது ஒப்பந்தமே இல்லை. மீறுவதற்கு எதுவும் இருக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் முழுச் சுதந்திரம் பெறாத வீரர்கள், அதாவது பொதுவாக 27 வயதையோ ஏழு பருவ அனுபவத்தையோ எட்டாதவர்கள், தம் அணியின் உரிமையிலேயே இருப்பார்கள். வேறு அணிக்குத் தாமாகப் போக இயலாத அவர்களிடம், விளையாட மறுப்பதைத் தவிர வேறு பெரிய ஆயுதம் எதுவும் இல்லை. அந்த ஆயுதத்துக்கும் ஒரு காலவரம்பு உண்டு: டிசம்பர் 1ஆம் திகதிக்குள் கையெழுத்திடாவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் என்.எச்.எல். ஆட்டங்களில் இறங்க முடியாது.

2018இல் ரொறன்ரோவின் வில்லியம் நைலாண்டர் அந்தக் கடைசி நாளில்தான் ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 28 ஆட்டங்களை இழந்து வந்த அவர் அந்தப் பருவத்தில் 54 ஆட்டங்களில் 27 புள்ளிகளை (கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவியதற்கு ஒன்று) மட்டுமே எடுத்தபோது, நகரமே அவர்மீது கோபம் கொண்டது. அவரை உடனே விற்றுவிட வேண்டும் என்ற குரல் பல மாதங்கள் ஓயவில்லை. 2023–24இல் அவர் 98 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பருவத்தின் நடுவில் எட்டு ஆண்டு, 92 மில்லியன் டொலர் ஒப்பந்தமும் பெற்றார். முகாமைத் தவறவிட்ட வீரர் அந்த ஆண்டில் தடுமாறுவது இயல்பு. ஸ்வேமனும் 2024–25இல் தடுமாறினார். அந்தத் தடுமாற்றத்தைக் குணக்குறையாக வாசிப்பதுதான் தவறு.

அடுத்து, பணக் கணக்கு. இதில் ஏற்படும் குழப்பமே மற்ற எல்லாவற்றையும்விட அதிகமான பொய்ச் சண்டைகளை வளர்க்கிறது என்பதால், சற்று நின்று பார்ப்போம். ஓர் அணி தன் வீரர்களின் சம்பளத்துக்கு மொத்தமாக ஒதுக்கக்கூடிய எல்லையே சம்பள உச்சவரம்பு. 2005–06இல் அது அறிமுகமானபோது ஓர் அணிக்கு 39 மில்லியன் டொலர். பெருந்தொற்றுக் காலத்தில் அது 81.5 மில்லியனில் மூன்று பருவங்கள் அசையாமல் நின்றது. 2024–25இல் 88 மில்லியன், 2025–26இல் 95.5 மில்லியன் என்று ஏறியது. 2026–27க்கு 104 மில்லியன் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. இப்படி அளவுகோலே நீளும்போது, வெவ்வேறு ஆண்டுகளின் டொலர் தொகைகளை நேருக்கு நேர் ஒப்பிடுவது பயனற்றது. மெக்டேவிட்டின் 12.5 மில்லியன் ஒப்பந்தம் 2018–19இல் தொடங்கியபோது உச்சவரம்பு 79.5 மில்லியன், அவர் அதில் 15.7 சதவீதத்தை எடுத்துக்கொண்டார். கப்ரிசோவின் ஆண்டுக்கு 17 மில்லியன் என்பது 104 மில்லியனில் 16.3 சதவீதம். நான்கரை மில்லியன் இடைவெளி என்று அதிர்ச்சியோடு எழுதப்பட்டது, பங்காகப் பார்த்தால் அரைச் சதவீதப் புள்ளியைச் சற்றே தாண்டுகிறது. மெக்டேவிட்டின் புதிய நீட்டிப்போ அதே 104 மில்லியனில் 12 சதவீதம் மட்டுமே. அவர் எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்பது இந்தக் கணக்கில்தான் தெரிகிறது.

உச்சவரம்பில் எழுதப்படும் தொகையும் வீரரின் கைக்கு அந்த ஆண்டு வரும் பணமும் பெரும்பாலும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்த சராசரியே அணியின் கணக்கில் ஏறும். ஊக்கத்தொகையாகவோ முதல் ஆண்டுகளில் கூடுதலாகவோ பணம் கொடுக்கப்படலாம். பருவத்தின் நடுவில் கையெழுத்திட்டால் சராசரியும் மாறிவிடும்: நைலாண்டரின் தொகை அந்த முதல் பருவத்தில் 10 மில்லியனைத் தாண்டி, பின் ஆண்டுகளில் ஏறத்தாழ 7 மில்லியனாக இறங்கியது. கனடாவில் வாழும் வாசகர்களுக்கு ஒரு சிறு நினைவூட்டல்: இந்தத் தொகைகள் எல்லாம் அமெரிக்க டொலரில்.

வீரர் பரிமாற்ற வதந்திகளில் நிகழும் முதன்மையான தவறு, வீரரின் சம்மதம் தேவைப்படும் இடங்களை மறந்துவிடுவது. முழுச் சுதந்திரத் தகுதியை எட்டிய வீரர்கள் தம் ஒப்பந்தத்தில் பாதுகாப்பு விதிகளைக் கேட்டுப் பெறலாம். சிலரிடம் இருப்பது பரிமாற்றத்தை மட்டும் தடுக்கும் விதி; சிலருடையது குறிப்பிட்ட சில அணிகளின் பட்டியலுக்கு மட்டும் பொருந்துவது; இன்னும் சிலருடையது கீழ்நிலை லீக்குக்கு அனுப்புவதையும் சேர்த்துத் தடுக்கும் முழுமையான விதி. 2025 மார்ச்சில் மிக்கோ ரந்தனனைப் பெறுவதற்காக ரொறன்ரோ தன் வீரர் மிட்ச் மார்னரைக் கரோலைனாவுக்கு அனுப்ப முயன்றதாகவும், மார்னர் தமது உரிமையைக் கைவிட மறுத்ததாகவும் பரவலாகச் செய்தி வந்தது. ரந்தனன் டலஸ் அணிக்குச் சென்று, 96 மில்லியன் டொலருக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் எழுதினார். இரு அணி முகாமையாளர்களும் இணங்கிவிட்டார்கள் என்ற செய்தி சரியாகவே இருந்தாலும், பரிமாற்றம் நடக்காமல் போகலாம் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

பணம் பொருந்தாத கற்பனைப் பரிமாற்றங்களையும் ஒதுக்கிவிடலாம். எரிக் கார்ல்சன் 2022–23இல் 101 புள்ளிகள் எடுத்துச் சிறந்த தடுப்பு வீரருக்கான விருதை வென்றபோதும், அவருடைய 11.5 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தை நகர்த்த 2023 ஓகஸ்ட் 6 வரை ஆனது. மொன்றியலும் சேர்ந்த மூன்று அணிப் பரிமாற்றம் ஒன்றில், சான் ஹொசே 1.5 மில்லியனைத் தன் கணக்கிலேயே வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் பிட்ஸ்பர்க் சென்றார். ஓர் அணி இப்படிச் சம்பளத்தில் பாதி வரையே தாங்கலாம். ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மேல் தாங்கவும் முடியாது. இந்த எல்லைகளைத் தாண்டும் யோசனையை யார் சொன்னாலும் அது நடக்காது.

உச்சவரம்பைத் தாண்டிவிட்ட அணி உடனே யாரையாவது விற்றாக வேண்டும் என்பதும் பொதுவான பிழை. கோடையில் பத்து சதவீதம் வரை மிஞ்சி நிற்க விதி இடம் தருகிறது. கணக்கு நேராக வேண்டியது முதல் ஆட்ட நாளில்தான். ஆனால் அந்த நெருக்கடியை எதிரணிகள் பயன்படுத்தலாம். 2024 ஓகஸ்டில் சென் லூயிஸ் புளூஸ், எட்மன்டனின் உரிமையிலிருந்த பிலிப் புரோபர்க்குக்கும் டிலன் ஹொலோவேக்கும் ஒரே நாளில் இரண்டு ஆண்டு ஒப்பந்தங்களை முன்வைத்தது. ஏழு நாட்களுக்குள் அதே தொகையைக் கொடுத்து அவர்களைத் தக்கவைக்க எட்மன்டனுக்கு உரிமை இருந்தது. சம்பளக் கணக்கில் இடமின்றித் தவித்த அந்த அணி இருவரையும் விட்டுவிட்டு, டிராஃப்ட் எனப்படும் இளம் வீரர் தேர்வில் இரண்டாம், மூன்றாம் சுற்றுத் தெரிவுகளை இழப்பீடாகப் பெற்றது. அடுத்த பருவத்தில் ஹொலோவே 63 புள்ளிகள் எடுத்தார். அணிகளின் கணக்கைப் பொறுமையாகப் படித்தவர்களுக்கு எட்மன்டனின் பலவீனம் முன்பே தெரிந்திருக்கும். பெரிய பெயர்களைச் சுற்றிய வதந்திகளை மட்டுமே படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

முகாம் காலத்தின் சிறு செய்திகளில் இரண்டு சொற்களைக் கவனித்தால் போதும். சோதனை அழைப்பில் முகாமுக்கு வரும் மூத்த வீரர் ஒப்பந்தம் பெற்றவர் அல்லர். அவரை எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம். இருவழி ஒப்பந்தம் என்பது, கீழ்நிலை லீக்கில் ஆடும்போது சம்பளம் வேறு என்பதை மட்டுமே குறிக்கிறது. ஒரு வீரரைக் கீழே அனுப்பும்போது பிற அணிகள் 24 மணி நேரத்துக்குள் உரிமை கோரலாமா என்பதை முடிவு செய்வது அவருடைய வயதும் அனுபவமும்தான். புகழ்பெற்ற செய்தியாளர்களின் பெயரையும் படத்தையும் ஒட்டிய போலிக் கணக்குகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: கணக்கின் முழுப் பெயரைப் படித்துவிட்டு, அணியின் அறிவிப்பு வரும்வரை பகிராமல் இருந்தால் போதும்.

இனி வரும் பருவங்களில் பழைய ஒப்பீடுகளே தவறாக வழிநடத்தக்கூடும். 2025 கோடையில் மார்னர் லாஸ் வேகஸ் சென்றபோது, ரொறன்ரோ முதலில் அவருடன் எட்டு ஆண்டு ஒப்பந்தம் எழுதி, பின் நிக்கொலா ரோயைப் பெற்றுக்கொண்டு அவரை அனுப்பியது. அப்போதைய விதிப்படி எட்டாவது ஆண்டை அவருடைய சொந்த அணி மட்டுமே தர முடியும், பிற அணிகளுக்கு ஏழே எல்லை என்பதே அந்தச் சுற்றுவழிக்குக் காரணம். 2026 செப்டம்பர் 16 முதல் நடைமுறைக்கு வரும், லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தில் அந்த எல்லைகள் ஏழாகவும் ஆறாகவும் குறைகின்றன; பருவமும் 84 ஆட்டங்களாக நீள, அதற்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் சுருங்குகின்றன. எனவே அந்தத் திகதிக்குப் பின் ஒரு வீரர் ஏழு ஆண்டுகளுக்கு மட்டுமே கையெழுத்திட்டார் என்ற செய்தியை, அணியின் மீது அவருக்கு நம்பிக்கை குறைந்ததற்கான அறிகுறியாக வாசிக்க இடமில்லை. அந்த அணியால் தர முடிந்த முழுக் காலமும் அதுதான்.