கொச்சியிலிருந்து குமரிக்கு: வாடகைப் பாய்மரப் படகுக்கு வழி போடுவது எப்படி?

கொச்சியில் ஒரு யாட்டை நாலைந்து நாளுக்கு வாடகைக்குப் பேசிவிட்டு, "எப்படிப் போகலாம், எங்கெங்கே நிறுத்தலாம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். பாதிப் பேர் நாகர்கோவில், மார்த்தாண்டம், பாறசாலைப் பக்கத்து நம்ம ஆட்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும்: வர்க்கலைக் குன்று, கோவளம், விவேகானந்தர் பாறை. நல்ல இடங்கள்தான். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு பட்டியல். காற்று மாறினால் எங்கே ஒதுங்குவீர்கள்? அந்த இடங்களை முதலில் வரைபடத்தில் புள்ளி வையுங்கள். புள்ளிகளை இணைத்தால் பாதி வழி வந்துவிடும். பார்க்க வேண்டிய இடங்களை அப்புறம் அதற்குள் பொருத்திக்கொள்ளலாம்.

படகை ஓட்ட ஸ்கிப்பர் கூட வருவார். என்றாலும் நீங்களே ஒரு வழி போட்டுக்கொண்டு போனால் அவரோடு பேசுவது எளிது. "இது முடியாது" என்று அவர் சொல்லும்போது ஏன் என்பதும் புரியும்.

முதலில் மாதம்

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை. புதிதாகப் போகிறவர்களுக்கு நான் வேறு மாதம் சொல்வதே இல்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் என்கிற மேற்குக் காற்றும் மழையும். கேரளத்தில் விசைப்படகுகளுக்கே ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் தடைக்காலம். அது மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை. இருந்தாலும் அந்த மாதங்களின் கடல் எப்படி இருக்கும் என்பது கரையில் நின்று பார்த்தாலே தெரியும். அக்டோபர், நவம்பரில் கடல் அமைதியாகத் தோன்றும், ஆனால் குமரிக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும் காலம் அது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி ஒரே நாளுக்குள் புயலாக வலுத்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களில் அதற்கு ஆளைப் பறிகொடுக்காத தெரு குறைவு. ஆழ்கடலில் வளர்ந்தவர்களையே கொண்டுபோன மாதத்தில் சுற்றுலாவுக்கு நாள் குறிக்க எனக்கு மனம் வராது.

ஏப்ரல், மே மாதங்களில் வேறொரு ஆபத்து. கள்ளக்கடல். வானம் தெளிவாக இருக்கும், உள்ளூரில் காற்றே இருக்காது. ஆனால் தூரத் தென்பெருங்கடலில் அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து வந்து கரையில் ஏறும். கள்ளன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். திறந்த கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு இதைவிட மோசமான விருந்தாளி கிடையாது. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்கோயிஸ் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. புறப்படும் வாரத்தில் அவர்களுடைய அலை முன்னறிவிப்பையும் வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும் தினமும் பாருங்கள். கைபேசியில் விண்டி செயலி மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள்.

தூரம் அளப்பது

கடல் வரைபடம் நமக்கு டேராடூனிலுள்ள தேசிய நீரியல் அலுவலகம் வெளியிடுவது. காகிதத்தில் ஒரு தாள் வாங்கி மேசையில் விரித்துப் பழகுங்கள். திரையில் விரலால் இழுத்துப் பார்ப்பதில் தூரம் மனதில் பதியாது.

பள்ளிக்கூட ஜாமெட்ரி பெட்டியிலுள்ள கவராயம் போதும். ஒரு முனையைக் கொல்லத்தில் தங்கசேரி மேல் வையுங்கள், இன்னொரு முனையை விழிஞ்ஞத்தில். விரிப்பைக் கலைக்காமல் அப்படியே தூக்கி, தாளின் வலது ஓரத்தில் அதே உயரத்திலுள்ள அட்சரேகை அளவுகோலில் வையுங்கள். ஒரு பாகைக்கு 60 கலை. ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். இங்கே ஏறக்குறைய 40 கலை வரும். ஆக 40 கடல் மைல். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் இருக்கும் தீர்க்கரேகை அளவுகோலில் மட்டும் அளந்துவிடாதீர்கள், அது தூரத்துக்கானது அன்று.

வேகத்துக்கு 5 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு 5 கடல் மைல். படகு 7 கூடப் போகும், ஆனால் கணக்கு 5-இல்தான் போட வேண்டும். 40 மைலுக்கு 8 மணி நேரம். காலை ஆறே காலுக்கு வெளிச்சம் வந்ததும் புறப்பட்டால் இரண்டே காலுக்குச் சேரலாம். காற்று ஏமாற்றினாலும் நாலு மணிக்குள் நங்கூரம் இறங்கிவிடும். இந்த "நாலு மணிக்குள் நங்கூரம்" என்பதைத் தாளின் மேலேயே எழுதி வையுங்கள். ஜனவரியில் ஆறே காலை ஒட்டிப் பொழுது சாய்ந்துவிடும்.

நான் முதல் தடவை போட்ட வழியில் கொச்சியிலிருந்து கொல்லம் ஒரே நாள். கிட்டத்தட்ட 70 மைல், 14 மணி நேரம். தாளில் ஒரே கோடு, அழகாக இருந்தது. நடந்ததைக் கீழே சொல்கிறேன்.

ஒதுங்கும் இடங்கள்

கொச்சியில் போல்காட்டித் தீவில் யாட்டுகளுக்கென்றே கட்டிய மெரினா இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், டீசல் எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். தெற்கே குமரி வரை அப்படி ஒரு வசதியை எதிர்பார்க்க வேண்டாம். துறைமுக வாய்க்குள் பெரிய கப்பல்கள் வந்துபோகும். அவற்றுக்கு ஒதுங்க இடம் கிடையாது, நாம்தான் விலக வேண்டும். வி.எச்.எஃப். வானொலியில், கப்பல்கள் அழைக்கவும் ஆபத்தைச் சொல்லவும் வைத்திருக்கும் 16-ஆம் சேனல் எப்போதும் திறந்திருக்கட்டும்.

முதல் தங்கல் ஆலப்புழை, சுமார் 30 மைல். இங்கே கடல் மெல்ல மெல்லத்தான் ஆழமாகும். 40 அடிப் படகின் அடிக்கட்டை தண்ணீருக்குள் 2 மீட்டர் வரை இறங்கியிருக்கும் என்பதால் கரையிலிருந்து நன்றாகத் தள்ளி நங்கூரம் போட வேண்டும். 1862-இல் ஏற்றிய கலங்கரை விளக்கம் இரவில் அடையாளத்துக்கு உதவும். ஆனால் இது திறந்த கடல். அலை எழும்பும் என்று முன்னறிவிப்பு இருந்தால் அன்றைக்குக் கொச்சியை விட்டே புறப்படாதீர்கள். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் சாகரா என்ற சேற்றுக்கரை திரண்டு அலையை அடக்கிவிடும், பழைய கப்பல்காரர்கள் அதை நம்பியே இங்கே ஒதுங்கினார்கள். நம் பயணக் காலத்தில் அது கிடையாது.

ஆலப்புழையிலிருந்து கொல்லம் 40 மைல். தங்கசேரி அலைதடுப்புச் சுவருக்குப் பின்னால் கிடைப்பதுதான் இந்த வழியின் முதல் நிம்மதியான தூக்கம். 1902-இல் கட்டிய 41 மீட்டர் விளக்குக் கோபுரம் சிவப்பும் வெள்ளையுமாகத் தூரத்திலேயே தெரியும். சற்று வடக்கே நீண்டகரை முகத்துவாரம் வழியாக அஷ்டமுடிக் காயலுக்குள் போகலாமே என்று பலருக்கு ஆசை. குறுக்கே சாலைப் பாலம் இருக்கிறது, உங்கள் பாய்மரத்தின் உயரத்தை யோசியுங்கள். காயலைப் பார்க்க வேண்டுமென்றால் கொல்லத்தில் இறங்கி வேறு படகில் போய் வாருங்கள்.

கொல்லத்துக்கும் விழிஞ்ஞத்துக்கும் நடுவில் வர்க்கலை. செம்மண் குன்றைக் கடலிலிருந்து பார்ப்பது வேறு அழகு. கடல் அசையாமல் கிடந்தால் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்துங்கள், இரவுக்கு வேண்டாம். அடுத்து வரும் முதலப்பொழி துறைமுக வாயை வரைபடத்தில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். வாயிலில் மணல் திட்டு சேர்ந்து, அதன்மேல் அலை உடைந்து, அந்த ஊர் மீனவர்களே பலர் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். தெற்கே தேங்காய்ப்பட்டணத்திலும் இதே கதை. வரைபடத்தில் துறைமுகம் என்று போட்டிருப்பதால் மட்டும் அது ஒதுங்கும் இடம் ஆகிவிடாது. பேரலையில் இந்த இரண்டு வாய்க்குள்ளும் நுழையப் பார்ப்பதைவிட வெளியே ஆழத்தில் நின்று சமாளிப்பது மேல்.

விழிஞ்ஞத்தில் கரையை ஒட்டியே 18, 20 மீட்டர் ஆழம். அதனால்தான் அங்கே அவ்வளவு பெரிய துறைமுகம் வந்தது. 2024 ஜூலையிலிருந்து ராட்சதக் கப்பல்கள் வருகின்றன. மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கே நிற்கலாம் என்று முன்னாலேயே அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து குளச்சல் 20 மைல், குளச்சலிலிருந்து கன்னியாகுமரி இன்னொரு 20. மொத்தம் 150 மைல், ஐந்து பகல். நடுவில் சும்மா இருக்க ஒரு நாளைச் சேர்த்து ஆறாகப் பேசுங்கள். வாடகை கூடும்தான். அந்த ஒரு நாள் கையில் இல்லாதவர்கள்தான் புறப்படக் கூடாத காலையில் புறப்படுகிறார்கள்.

ஒரு நாளின் இரண்டு காற்று

இந்தக் கரையில் குளிர்காலத்தில் விடியற்காலைக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். வெயில் ஏற ஏற அது செத்துப்போகும். பத்து மணியிலிருந்து நண்பகல் வரை கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும், பாய் தொங்கும், இன்ஜின்தான் போட வேண்டும். அதற்கப்புறம் கடல்காற்று வடமேற்கிலிருந்து எழும். தெற்கே போகிறவர்களுக்கு இது முதுகில் தள்ளும் காற்று. அதனால் கொச்சியில் ஏறிக் குமரியில் இறங்குவது புதியவர்களுக்குச் சுகம்.

திரும்பி வடக்கே வருவதென்றால் மதியக் காற்று முகத்தில் அடிக்கும். ஆனால் குளிர்காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடும், அது கொஞ்சம் உதவும். வெளிச்சம் வந்த கையோடு புறப்பட்டு, கரைக்காற்றிலும் அடுத்த அமைதியிலும் தூரத்தை முடித்து, மதியம் ஒரு மணிக்குள் நிறுத்துங்கள். திரும்பும் நாட்களை 25 மைலுக்கு மேல் போடாதீர்கள்.

வலை

முதல் பயணத்தில் பொழுது சாயும்போது எங்களுக்குக் கொல்லம் இன்னும் 15 மைல். இருட்டில் தண்ணீர் மட்டத்தில் சின்னச் சின்ன விளக்குகள் மினுங்கின. படகுகள் என்று நினைத்து நடுவே புகுந்தோம். அவை வலையின் நுனியில் மிதக்கவிட்ட விளக்குகள். இன்ஜின் ஒரு தடவை முனகி நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால், படகுக்கு அடியிலுள்ள இன்ஜின் விசிறியில் நீல நைலான் வலை கயிறாக முறுக்கிக் கிடந்தது, ஒரு மிதவை படகின் வயிற்றில் டொக் டொக்கென்று மோதிக்கொண்டிருந்தது. வலைக்காரர்கள் வந்தார்கள். வயதில் மூத்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மக்களே, இன்ஜினைத் தொடாதே, நான் எறங்குறேன்" என்று கத்தியோடு குதித்தார். தன் வலையைத் தானே அறுத்தார். அவர் பூவார் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். நஷ்டத்தைக் கொடுத்தோம். அவருக்குப் போன அந்த இரவின் மீனை எங்களால் கொடுக்க முடியவில்லை.

இரவு ஓட்டம் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். பகலில் கொடி கட்டிய கம்புகளும் தெர்மோகோல் மிதவைகளும் தெரியும். இரண்டு கொடிக்கு நடுவே ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள், நடுவில்தான் வலை. பக்கத்துப் படகைப் பார்த்துக் கையை உயர்த்துங்கள், எந்தப் பக்கம் போகலாம் என்று அவர்களே காட்டுவார்கள்.

கரையிறங்கும் ஊரில் அவர்களிடம் பேசவும் நேரம் ஒதுக்குங்கள். கரையிலுள்ள ஒரு கோயில் கோபுரத்தையோ சர்ச் கோபுரத்தையோ பின்னாலுள்ள மலை முகட்டோடு நேர்கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடி அடையாளம் பிடித்து, கடலுக்கடியில் இருக்கும் பாரை, அதாவது பாறைத்திட்டை, சொல்லிவைத்தது போலக் கண்டுபிடிப்பார்கள். திருவனந்தபுரம் கரையில் இதைக் கணிச்சம் என்பார்கள். எந்தப் பார் எவ்வளவு மேலே நிற்கிறது என்று கேட்டு வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

டீசலும் தண்ணீரும்

150 மைலும் இன்ஜினிலேயே போவதாக வையுங்கள்: 30 மணி நேரம். மணிக்கு 4 லிட்டர் என்றால் 120 லிட்டர். இது டாங்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. ஆக 180 லிட்டரோடு புறப்பட வேண்டும். உங்கள் இன்ஜின் உண்மையில் எவ்வளவு குடிக்கும் என்பதை ஸ்கிப்பரிடம் கேட்டுக் கணக்கைத் திருத்துங்கள். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், அதற்கு மேலே இரண்டு நாள் கூடுதல்.

கடைசி 20 மைல்

குளச்சலுக்கும் குமரிக்கும் நடுவே ஒரு முடிவு எடுக்கும் இடத்தைக் குறித்துவிடுங்கள். நான் குறிப்பது முட்டம் கலங்கரை விளக்கம். அதற்கு அப்பால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று கடலில் இறங்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றுக்காகத்தான். முட்டம் வரை சாதுவாக இருந்த கடல் முனைக்குப் பக்கத்தில் கொந்தளிப்பாக இருக்கலாம். முட்டத்துக்கு நேரே வரும்போது குமரியிலுள்ள ஒருவருக்குப் போன் போட்டு, "பூம்புகார் படகு விவேகானந்தர் பாறைக்கு ஓடுதா?" என்று கேளுங்கள். பாறைக்கு ஆளேற்றிப் போகும் அரசுப் படகு அது. நிறுத்திவிட்டார்கள் என்றால் அங்கேயே திரும்பி, குளச்சலில் இன்னொரு இரவு தங்குங்கள். கையில் ஒரு நாள் மிச்சம் வைத்தது இதற்குத்தான். ஓடுகிறது என்றால் முனையை நன்றாகத் தள்ளிச் சுற்றி, அனுமதி வாங்கி வைத்த சின்னமுட்டம் துறைமுகத்துக்குப் போங்கள்.

புறப்படும் முன் இவ்வளவையும் ஒரே தாளில் எழுதி, கரையில் இருக்கும் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். வீட்டில் அண்ணனோ அக்காவோ இருந்தால் போதும். படகின் பெயர், நிறம், ஆட்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு நாளும் எங்கிருந்து எங்கே, நாலு மணிக்கு நங்கூரம் போட்டதும் போன் வரும் என்பது. ஆறரை வரை போன் வராவிட்டால் கடலோரக் காவல்படையின் 1554-க்கு அழைத்து, தாளில் இருப்பதை வரிசையாகப் படித்துச் சொல்ல வேண்டும் என்று கடைசி வரியில் எழுதுங்கள். அந்த எண்ணை மட்டும் பெரிதாக எழுதுங்கள், கண்ணாடி இல்லாமலும் படிக்க வர வேண்டும்.