மோசமான மலைப்பாதைல கும்பலா போய்ட்டு கும்பலாவே திரும்பி வர்றது எப்படி

பத்து கிலோமீட்டர் தானே, மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்னு குரூப்ல ஒருத்தர் மெசேஜ் போடுவாரு, உடனே எல்லாரும் கட்டைவிரலை தூக்கிக் காட்டிடுவாங்க. அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. மலைல கிலோமீட்டரை வெச்சு ஒன்னும் தெரியாது, எவ்ளோ மீட்டர் ஏத்தம்னு கேளுங்க. 1892ல ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் ஒரு கணக்கு சொல்லி வெச்சாரு, இன்னிக்கும் அதைத்தான் எல்லாரும் கொஞ்சம் மாத்தி மாத்தி யூஸ் பண்றாங்க: அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம். போக வர 10 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏத்தம்னா மூன்றரை மணி நேரம் வரும். ஆனா இது நல்ல பாதைல, நல்லா நடக்கற ஆளுக்கான கணக்கு. புதர் மண்டி, மரம் விழுந்து, மழைல பாதி அரிச்சுப்போன பாதைல எட்டு பேரை கூட்டிட்டு போறீங்கன்னா அப்படியே ரெண்டால பெருக்கிடுங்க, ஏழு மணி நேரம், அதுக்கு மேல உக்காந்து எந்திரிக்க ஒரு மணி நேரம். மத்தியானத்துக்குள்ள முடியாதுன்னு இப்ப புரியுதா.

இன்னொரு விஷயம், இந்த மாதிரி பாதைல எறங்கறது ஏறுறதை விட வேகமா இருக்கும்னு நினைக்காதீங்க. சரளைக்கல்லும் ஈர வேரும் இருக்கற செங்குத்துல எறங்கறதுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம் ஆகும், சில சமயம் கூடவே ஆகும். அதனால திரும்பற நேரத்தை கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி எல்லார்கிட்டயும் சொல்லிடணும். காலைல ஆறரைக்கு நடக்க ஆரம்பிக்கறோம், சாயங்காலம் ஆறுக்கு இருட்டிடும்னா கையில இருக்கறது பதினொன்றரை மணி நேரம், அதுல ரெண்டு மணி நேரத்தை எதிர்பாராத விஷயத்துக்குன்னு எடுத்து வெச்சிட்டு மிச்சத்தை பாதியா பிரிங்க, நாலேமுக்கால் மணி நேரம், ஆறரையோட கூட்டினா பதினொன்னேகால் வரும். பதினொன்னேகாலுக்கு எங்க இருக்கோமோ அங்கருந்து திரும்பணும், உச்சி கண்ணுக்கு தெரிஞ்சாலும் திரும்பணும். இதை மேல நின்னுகிட்டு பேசி முடிவு பண்ண முடியாது, அங்க எல்லாரும் இன்னும் பத்து நிமிஷம்தான்னு தான் சொல்லுவாங்க. அந்த பாதைக்கு பெர்மிட் வேணுமா, இப்ப திறந்திருக்கான்னும் முன்னாடியே கேட்டுக்கோங்க.

எத்தனை பேர் போகலாம்? என்னை கேட்டா குறைஞ்சது நாலு பேர். ஒருத்தருக்கு அடிபட்டா ஒருத்தர் கூட இருக்கணும், ரெண்டு பேர் சேர்ந்து உதவிக்கு போகணும், அந்த கணக்குதான். பத்துக்கு மேல போனா அது குரூப் இல்ல, ஊர்வலம், ரெண்டா பிரிச்சு ஒவ்வொன்னுக்கும் தனி லீடர் போட்டுடுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இந்த மாதிரி பாதைல நான் பார்த்த பிரச்சனைல பாதிக்கு மேல பாதையால வரல, குரூப் பிரிஞ்சு போனதால வந்துச்சு. வேகமா நடக்கறவங்க முன்னாடி போவாங்க, ஒரு இடத்துல உக்காந்து வெயிட் பண்ணுவாங்க, மெதுவா வர்ற ஆள் மூச்சு வாங்கிட்டே வந்து சேர்ந்த அடுத்த நிமிஷம் "சரி வந்தாச்சு, கிளம்பலாம்"னு எந்திரிச்சிடுவாங்க. யோசிச்சு பாருங்க, ரெஸ்ட் தேவையில்லாதவங்களுக்கு பத்து நிமிஷ ரெஸ்ட், தேவைப்படற ஆளுக்கு ஒன்னுமே இல்ல. மூணாவது தடவை அந்த ஆள் தண்ணி கூட குடிக்காம பின்னாடியே ஓடி வருவாரு, வெக்கப்பட்டுகிட்டு ஒன்னும் சொல்லமாட்டாரு, நாலாவது தடவை கால் இடறும். அதனால ரெஸ்ட் டைம் கடைசி ஆள் வந்து உக்காந்த நிமிஷத்துலருந்துதான் ஆரம்பம். இந்த ஒரு ரூலை மட்டும் வெச்சாலே பாதி சண்டை குறையும்.

இன்னும் நல்லது, மெதுவா நடக்கறவரை லீடருக்கு அடுத்து ரெண்டாவது ஆளா நடக்க விடுங்க. அவர் வேகம்தான் குரூப்போட வேகம். பின்னாடி இருக்கறவங்களுக்கு கடுப்பா இருக்கும், இருக்கட்டும், அவங்க பேக்ல இன்னும் ரெண்டு பாட்டில் தண்ணி ஏத்தி விடுங்க, சரியாயிடும். வேகம் சரியான்னு பாக்க ஒரே டெஸ்ட், ஏறும்போது முழு வாக்கியமா பேச முடியணும், ரெண்டு ரெண்டு வார்த்தையா வந்துச்சுன்னா வேகம் அதிகம்.

கடைசி ஆள் ஒருத்தரை ஃபிக்ஸ் பண்ணுங்க, அவருக்கு பின்னாடி யாருமே இருக்கக்கூடாது. முதலுதவி பை அவர்கிட்டதான் இருக்கணும், லீடர்கிட்ட இல்ல, ஏன்னா அடிபட்டு உக்காந்த ஆளை கடைசி ஆள் எப்படியும் வந்து சேர்ந்துடுவாரு, முன்னாடி போனவர் மறுபடி மேலருந்து எறங்கி வரணும். யாராச்சும் ஒதுங்க போனா பேக்கை பாதை ஓரத்துலயே வெச்சிட்டு போகணும், அந்த பேக்கை தாண்டி கடைசி ஆள் நகரமாட்டாரு. பாதை ரெண்டா பிரியற இடம், ஓடை, வழி சந்தேகமா இருக்கற இடம், இது எல்லாத்துலயும் மொத்த குரூப்பும் சேர்ந்த பிறகுதான் அடுத்த அடி, சேர்ந்ததும் ஒரு தடவை தலையை எண்ணிடுங்க.

இது எனக்கு எப்படி தெரியும்னா, ஒரு தடவை ஒன்பது பேர் போனோம், பாதை பிரியற இடத்துல முன்னாடி போன மூணு பேர் நிக்காம நேரா போய்ட்டாங்க, அது பாதையே இல்ல, மிருகங்க நடந்து விழுந்த தடம். நாங்க ஆறு பேர் சரியான பக்கம் ஏறிட்டு, அவங்க ரொம்ப ஸ்பீடா போயிருக்காங்கன்னு பேசிட்டு இருந்தோம். ஒன்றரை மணி நேரம் கழிச்சு விசில் சத்தம் கேட்டுதான் கண்டுபிடிச்சோம். யாருக்கும் அடி இல்ல, ஆனா குரூப்போட தண்ணி முக்கால்வாசி அந்த மூணு பேர் பேக்ல இருந்துச்சு, பலசாலிங்கன்னு அவங்களையே சுமக்க விட்டிருந்தோம். நம்ம அறிவு அவ்ளோதான். அன்னிலருந்து தண்ணி, தீனி, ஹெட்லாம்ப், விசில், மழைக்கோட்டு, இந்த அஞ்சும் ஒவ்வொருத்தர் பேக்லயும் தனித்தனியா இருக்கணும்ங்கறது ரூல். மேல சொன்ன ரெண்டு பாட்டில் எக்ஸ்ட்ராதான், அடுத்தவங்களோட ஒரே தண்ணி இல்ல. போன் டார்ச் ஹெட்லாம்ப்புக்கு பதில் ஆகாது, எறங்கும்போது ரெண்டு கையும் தேவைப்படும்.

தண்ணி மணிக்கு அரை லிட்டர்னு கணக்கு வெச்சுக்கோங்க, வெயில்னா அதுக்கு மேல. எட்டு மணி நேரத்துக்கு நாலு லிட்டர், அதாவது நாலு கிலோ சுமை, ஆமா கனம்தான். வழில ஓடை இருந்தா கம்மியா சுமக்கலாம், ஆனா வடிகட்டியோ மாத்திரையோ இருக்கணும். வெறும் தண்ணியா குடிச்சுட்டே இருந்தா உடம்புல உப்பு குறைஞ்சு தலைவலி குமட்டல் வரும், கூட உப்பு இருக்கற தீனி எதாவது போட்டுக்கோங்க.

ஷூ பத்தி ரெண்டு விஷயம். புது ஷூவோட போகாதீங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ரொம்ப நாள் அலமாரில தூங்கின பழைய ஷூவும் ஆபத்துன்னு யாரும் சொல்றதில்ல. நிறைய ட்ரெக்கிங் ஷூல நடு சோல் பாலியூரிதேன்ங்கற நுரை, அது யூஸ் பண்ணாம சும்மா இருந்தாலே காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து உள்ளுக்குள்ள உதிர ஆரம்பிச்சிடும், பாக்க புதுசா இருக்கும், நடந்தா மூணாவது கிலோமீட்டர்ல சோல் தனியா வாயை பொளந்துட்டு நிக்கும். ஒரு வாரம் முன்னாடியே போட்டு நல்லா நடந்து பாருங்க. அகலமான டேப்பை வாட்டர் பாட்டில்ல நாலு சுத்து சுத்தி வெச்சுக்கோங்க, சோலுக்கும் ஆகும், கிழிஞ்ச பேக்குக்கும் ஆகும். முந்தின நாள் கால் நகத்தை வெட்டிடுங்க, இல்லன்னா எறக்கத்துல பெருவிரல் ஷூ முனைல முட்டி முட்டி நகம் கறுத்துடும். குதிகால்ல சூடா உரசற மாதிரி தோணின நிமிஷமே நின்னு பிளாஸ்டர் ஒட்டணும், குரூப்பை நிக்க வைக்க கூச்சப்பட்டா அரை மணி நேரத்துல கொப்புளம்தான். காட்டன் சட்டையும் ஜீன்ஸும் வேணாம், நனைஞ்சா காயாது, மேல போகப்போக 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும், நனைஞ்ச சட்டையோட காத்துல நின்னா நடுக்கம் எடுத்துடும்.

ஏறும்போது சின்ன சின்ன அடி, பாதம் முழுக்க ஊனி. நுனிக்கால்ல ஏறினா கெண்டைக்கால் சீக்கிரம் பிடிச்சுக்கும். கல்லு மேல வெயிட் போடறதுக்கு முன்னாடி லேசா அழுத்தி பாருங்க, ஆடுச்சுன்னா வேற கல்லு. புல்லையும் காஞ்ச மரத்தையும் பிடிச்சு தொங்காதீங்க, வேரோட கையில வரும். ஈரமான வேர் மேல மிதிக்காம தாண்டி வைங்க. விழுந்த மரத்தை தாண்டும்போது அந்த பக்கம் என்ன இருக்குன்னு பாத்துட்டு கால் வைங்க, பாம்புக்கு அந்த நிழல் ரொம்ப பிடிக்கும். செங்குத்தா கைய ஊனி ஏறுற இடத்துல ஒரு கேள்வி கேட்டுக்கோங்க, இதுல எறங்கி வர முடியுமா? ஏறிடலாம் போல இருக்கறது எறங்கறப்ப மலைக்க வைக்கும். யாரோ எப்பவோ கட்டி விட்ட கயிறு தொங்கும், அதை நம்பி உடம்பு வெயிட் போடவே போடாதீங்க, வெயில்ல நைலான் எவ்ளோ செத்து போயிருக்குன்னு பாத்தா தெரியாது.

கல்லு உருளற சரிவுல குரூப்பா போறதுதான் தனியா போறதை விட ஆபத்து, ஏன்னா மேல இருக்கறவர் தட்டி விடற கல்லு கீழ இருக்கறவர் தலைக்குதான் வரும். பாதை வளைஞ்சு வளைஞ்சு ஏறுற இடத்துல யாருக்கும் நேர் கீழ நின்னு போட்டோ எடுக்காதீங்க. குறுகலான வாய்க்கால் மாதிரி இடம்னா ஒருத்தர் ஒருத்தரா, மத்தவங்க பாறை மறைவுல. கல்லு உருண்டுச்சுன்னா சின்னதோ பெருசோ "கல்லு"ன்னு கத்தணும், கீழ இருக்கறவங்க என்னன்னு அண்ணாந்து பாக்காம சரிவோட ஒட்டிக்கிட்டு குனியணும், பேக் முதுகையும் கழுத்தையும் காப்பாத்தும். வளைவை வெட்டி குறுக்கால ஏறுற வேலையும் வேணாம், கல்லு உருளறதே பாதி அதனாலதான், பாதை இன்னும் அரிச்சு போறதும் அதனாலதான்.

பாதை திடீர்னு காணாம போச்சுன்னா, கண்டிப்பா போகும், எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் தேட கிளம்பக்கூடாது. குரூப் அப்படியே நிக்கட்டும், ஒருத்தர் கண்ணுக்கு தெரியற தூரம் மட்டும் போய் பாக்கட்டும். விழுந்த மரத்தை சுத்தி போனா அந்த பக்கம் பழைய தடம் மறுபடி கிடைச்சுதான்னு பாத்துட்டு தான் நகரணும், சுத்து வழியே போய் தொலைஞ்சவங்க நிறைய. அஞ்சு நிமிஷத்துல கிடைக்கலன்னா கடைசியா உறுதியா பாதைன்னு தெரிஞ்ச இடத்துக்கு திரும்புங்க. ஒவ்வொரு பிரிவுலயும் திரும்பி நின்னு வந்த வழியை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, திரும்பி வரும்போது அதே இடம் முழுசா வேற மாதிரி தெரியும். ஆஃப்லைன் மேப்பை ரெண்டு மூணு பேர் போன்ல இறக்கி வைங்க, டவர் இல்லன்னாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், போனை ஏரோப்ளேன் மோட்ல போட்டா சார்ஜும் நிக்கும்.

காலைல கணுக்கால் அளவு இருந்த ஓடை, மேல மழை பேஞ்சா மத்தியானம் இடுப்பளவு வரும், இதை மனசுல வெச்சுகிட்டு தாண்டுங்க. முட்டிக்கு மேல வேகமா ஓடுச்சுன்னா தாண்டாதீங்க. தாண்டறப்ப பேக்கோட இடுப்பு பெல்ட்டை கழட்டி விட்டுடுங்க, விழுந்தா பேக்கை விட்டு வெளிய வரணும்ல. இடி கேட்டா மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவுல செகண்டை எண்ணி மூணால வகுத்தா கிலோமீட்டர், முப்பது செகண்டுக்குள்ளன்னா முகட்டை விட்டு எறங்கிடணும், தனி மரத்தடில ஒதுங்கக்கூடாது, குரூப்பா ஒட்டி நிக்காம தள்ளித்தள்ளி இருக்கணும், ஒரே மின்னல்ல எல்லாருக்கும் அடிபட்டா தூக்க ஆள் இருக்காது. கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் பொறுங்க.

யாருக்காச்சும் கணுக்கால் பிசகினா ஷூவை உடனே கழட்டாதீங்க, வீங்கிடுச்சுன்னா மறுபடி போட முடியாது. கயிறை இறுக்கி கட்டி, ஊனி நடக்க முடியுதான்னு பாருங்க, முடிஞ்சா அவர் பேக்கை பிரிச்சு எடுத்துகிட்டு மெதுவா எறங்குங்க. பாதம் மரத்துப்போனா மட்டும் கயிறை தளர்த்துங்க. நடக்கவே முடியலன்னா கூட ஒருத்தர் இருக்க, ரெண்டு பேர் இடத்தோட ஜிபிஎஸ் எண்ணை எழுதிகிட்டு டவர் கிடைக்கற இடத்துக்கு போகணும், போன் கால் போகாத இடத்துல எஸ்எம்எஸ் போயிடும் சில சமயம். விசில் சிக்னல் நிமிஷத்துக்கு ஆறு தடவை, அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா, மறுபடி ஆறு, பதிலுக்கு மூணு தடவை வரும். சில நாடுகள்ல கூப்பிடறதே மூணு தடவைதான், போற இடத்துல எதுன்னு தெரிஞ்சுக்கோங்க.

எறக்கத்துல தொடை நடுங்கும், அது சகஜம், முட்டியை லேசா மடக்கியே வெச்சு சின்ன அடியா வாங்க, ஸ்டிக் இருந்தா ஏத்தத்துல குட்டையாவும் எறக்கத்துல நீளமாவும் வெச்சுக்கோங்க. கடைசி ஒரு மணி நேரத்துலதான் பேச்சு, சிரிப்பு, கவனம் போய் வழுக்கறது எல்லாம். கடைசி செங்குத்துக்கு முன்னாடி வேணும்னே ஒரு ரெஸ்ட் போட்டு எல்லாரையும் எதாவது சாப்பிட வைங்க.

கீழ வந்ததும் தலையை எண்ணிட்டு, வீட்ல இருக்கற ஒருத்தர்கிட்ட இந்த பாதை, இத்தனை பேர், இந்த நேரத்துக்குள்ள தகவல் வரலன்னா உதவிக்கு போன் பண்ணுன்னு சொல்லிட்டு வந்திருப்பீங்கல்ல, அவங்களுக்கு மெசேஜ் போடுங்க. ஏரோப்ளேன் மோடை முதல்ல எடுத்துடுங்க, நான் ஒரு தடவை அதை மறந்துட்டு மெசேஜ் போச்சுன்னு நினைச்சு வண்டில தூங்கிட்டேன், அங்க என் அக்கா தேடற ஆளுங்களுக்கு போன் போடப்போற நேரத்துல கூட வந்த ஒருத்தர் எதேச்சையா கூப்பிட்டதால தப்பிச்சேன்.