π-யின் மதிப்பை நாமே கணக்கிடுவது எப்படி?

இரண்டாம் செமஸ்டர் நுண்கணிதத்தில் தொகையிடலும் (இன்டெக்ரேஷன்) முடிவிலாத் தொடரும் தனித்தனிப் பாடங்களாக வருவதால், இரண்டுக்கும் என்ன உறவு என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. என்னைக் கேட்டால், அதைப் பிடிக்க நல்ல வழி π-யை நாமே கண்டுபிடிப்பதுதான். தாள், பேனா, சாதாரண கால்குலேட்டர் போதும். மாறியை ‘ம’ என்று எழுதுகிறேன்.

படி 1. பள்ளியில் படித்த பெருக்குத் தொடரை எழுதுங்கள்.

1/(1 − ம) = 1 + ம + ம² + ம³ + …

ம-வின் மதிப்பு −1-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால்தான் இது குவியும், அதாவது கூட்டக் கூட்ட ஒரே மதிப்பை நெருங்கும். ம = 2 என்று போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் −1, வலப்பக்கமோ 1 + 2 + 4 + 8 என்று ஏறிக்கொண்டே போகும்.

படி 2. ம இருக்கும் இடத்தில் −ம² போடுங்கள்.

1/(1 + ம²) = 1 − ம² + ம⁴ − ம⁶ + …

படி 3. இரு பக்கமும் 0 முதல் ம வரை தொகையிடுங்கள். இடப்பக்கம் டேன்⁻¹ ம ஆகும்; அதாவது, எந்தக் கோணத்தின் டேன் மதிப்பு ம-வோ அந்தக் கோணம்.

டேன்⁻¹ ம = ம − ம³/3 + ம⁵/5 − ம⁷/7 + …

முடிவே இல்லாத தொடரை உறுப்பு உறுப்பாகத் தொகையிடலாமா? இந்தச் சந்தேகம் உங்களுக்கு வந்திருந்தால் சரியான பாதையில்தான் போகிறீர்கள். அடுக்குத் தொடர் குவியும் இடைவெளிக்குள் தாராளமாகச் செய்யலாம்.

படி 4. டேன் 45° = 1; 45° என்பது π/4 ரேடியன். ஆகவே ம = 1 போட்டால்,

π/4 = 1 − 1/3 + 1/5 − 1/7 + …

ம = 1 என்பது இடைவெளியின் விளிம்பு. அங்கேயும் இந்தச் சமன்பாடு நிற்கும் என்பதற்கு ஏபெல் தேற்றம் துணை. பார்க்க அழகான தொடர், ஆனால் கணக்குப் போட உதவாது. 10 உறுப்புகளைக் கூட்டி 4-ஆல் பெருக்கினால் 3.0418. 500 உறுப்புகளைக் கூட்டினாலும் 3.1396 தான் வரும்!

படி 5. விளிம்பை விட்டு உள்ளே வருவோம். டேன் 30° = 1/√3; 30° என்பது π/6. அதைப் போட்டு 6-ஆல் பெருக்கினால்,

π = √12 × (1 − 1/(3×3) + 1/(5×9) − 1/(7×27) + 1/(9×81) − …)

ஒவ்வோர் உறுப்பும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வேகத்தின் ரகசியம் அதுதான். √12 = 3.464102. அடைப்புக்குள் கூட்டிக்கொண்டே வாருங்கள்: 1, 0.888889, 0.911111, 0.905820, 0.907192, 0.906818. ஆறாவதை √12-ஆல் பெருக்கினால் 3.1413.

இது கேரளத்துச் சங்கமகிராம மாதவர் 14-ஆம் நூற்றாண்டில் கண்ட வழி. ஐரோப்பாவில் கிரிகரியும் லைப்னிட்ஸும் இந்தத் தொடர்களை எட்டியது 1670-களில். விட்டம் 900000000000 என்றால் சுற்றளவு 2827433388233 என்பது மாதவர் சொன்ன கணக்கு. வகுத்துப் பாருங்கள், 11 தசம இடம் வரை சரியாக இருக்கும். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இதைச் செய்தவரை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

படி 6. பிழை எவ்வளவு? குறி மாறி மாறி வந்து, உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போகும் தொடரில், பாதியில் நிறுத்துவதால் வரும் பிழை அடுத்த உறுப்பை மீறாது. ஏழாவது உறுப்பு 1/(13×729). √12-ஆல் பெருக்கினால் சுமார் 0.00037. நம் விடையின் உண்மையான பிழை சுமார் 0.00028.

அப்புறம், அந்த ஏழாவது உறுப்பையும் சேர்த்துக் கூட்டுங்கள். 3.1417 வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் கூட்டல் கழித்தல் குறிகளைச் சரிபாருங்கள்.